அடையாள அட்டையில் எந்த இனம் முதலில்?

கேள்வி: எனக்கு வயது 57. பெற்றோர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். மனைவி சீனர். 2001-இல் பிறந்த எங்கள் ஒரே மகன் ‘இந்தியர்’ என்று பதிவு செய்யப்பட்டான். 2011-இல் இரட்டை இனப்பதிவு நடைமுறைக்கு வந்தபோது அதை ‘இந்தியர்-சீனர்’ என்று மாற்றினோம். பள்ளியில் தமிழ் படித்தான்; சீனப் பாட்டியிடம் வளர்ந்ததால் மாண்டரின் தண்ணீர்பட்ட பாடு. ராணுவம் போன்ற கட்டாயத் தேசிய சேவையையும் பட்டப்படிப்பையும் முடித்துவிட்டுப் பல மாதங்களாகத் தளவாடத் (லாஜிஸ்டிக்ஸ்) துறையில் வேலை தேடுகிறான். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற சீன நண்பர்களுக்கு நேர்காணல் அழைப்புகள் வருகின்றன, இவனுக்கு வருவதில்லை. பயிற்சிக் காலத்தில் ஜூரோங் பக்கம் வாடகை அறை தேடியபோது, பெயரைக் கேட்டதுமே முகவர் ‘வீட்டுக்காரர் சீனர்களுக்கு மட்டும்தான் தருவார்’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இப்போது அவன் இனப்பதிவைச் ‘சீனர்-இந்தியர்’ என்று திருப்பவும், தாயின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு என் பெயரை நீக்கவும் போவதாகச் சொல்கிறான். “நாட்டின் அதிபரே தமிழர், நீ பெரிதுபடுத்துகிறாய்” என்றேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. 2003-இல் வீடு வாங்கியபோது அந்த அடுக்குமாடி புளோக்கில் இந்தியர்களுக்கு அரசு வைத்த ஒதுக்கீடு நிரம்பியிருந்ததால் மனைவியின் இனத்தைக் காட்டி வாங்கினோம். அதைச் சொல்லியும் என்னை மடக்குகிறான். மனைவி வாய் திறப்பதில்லை. அவனைத் தடுப்பது சரியா? மாற்றினால் உண்மையிலேயே வேலை கிடைக்குமா? அவன் விண்ணப்பித்த ஒரு விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிங்கப்பூர்

வேலை நியமன ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஐயா,

தடுக்காதீர்கள். 24 வயதான மகனின் பதிவை மாற்றுவதா, விடுவதா என்பது அவருடைய உரிமை என்பது ஒரு காரணம். நீங்கள் தடுத்தால் இது வேலையைப் பற்றிய கேள்வியாக இராமல் உங்களைப் பற்றிய கேள்வியாக மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அவர் எதிர்பார்க்கும் பலன் இந்த மாற்றத்தால் கிடைக்குமா என்பதைப் பற்றி அவரும் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இனப்பதிவின் வரிசை, பெயர் ஆகிய இரண்டும் உங்கள் வீட்டில் ஒரே விவகாரமாகப் பேசப்படுகின்றன. நடைமுறையில் அவை இரண்டும் வெவ்வேறு கதவுகளைத் திறப்பவை.

முதலில் இனப்பதிவு. அடையாள அட்டையில் உள்ள இனத்தைப் பயன்படுத்துவது பெரும்பாலும் அரசுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டை வாங்கும்போதும் விற்கும்போதும் இன ஒதுக்கீட்டைக் கணக்கிட அது தேவைப்படுகிறது. சம்பளத்திலிருந்து சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற சுய உதவிக் குழுவுக்கு மாதந்தோறும் பிடிக்கப்படும் சிறு தொகை எந்தக் குழுவுக்குப் போகும் என்பதும் அதைச் சார்ந்தது. இரட்டைப் பதிவு உள்ளவர்களுக்கு வீவக ஒதுக்கீட்டில் முதலில் வரும் இனமே கணக்கில் கொள்ளப்படும். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் முதலாளி இந்தப் பதிவைப் பார்ப்பதே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் இனத்தைக் கேட்கக் கூடாது என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த, நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின் நிலைப்பாடு. மனிதவளப் பிரிவினர் உங்கள் மகனின் அடையாள அட்டையைக் கையில் வாங்கும்போது, வேலை ஏற்கெனவே அவருக்குக் கிடைத்திருக்கும். எனவே ‘இந்தியர்-சீனர்’ என்பதைச் ‘சீனர்-இந்தியர்’ என்று திருப்புவதால் ஒரு நேர்காணல் அழைப்புகூடக் கூடுதலாக வரப்போவதில்லை. நாளை அவர் வீடு வாங்கும்போது எந்த புளோக்கில் இடம் கிடைக்கும், யாருக்கு விற்க முடியும் என்பவற்றை வேண்டுமானால் அது மாற்றும்.

பெயரின் கதை அப்படியன்று. வேலைக்கு ஆள் எடுப்பவரின் மேசையில் என்ன நடக்கிறது என்பதை அங்கே பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தொடக்கநிலை வேலை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். முதல் சல்லடையில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில வினாடிகள்தான். திரையின் இடது ஓரத்தில் பெயர், சிலர் கேட்காமலே ஒட்டி அனுப்பும் புகைப்படம், பல்கலைக்கழகம், பட்டம், பிறகு மொழிகள். உங்கள் மகனின் பெயரில் ‘இன்னாரின் மகன்’ (son of) என்பதைக் குறிக்கும் ‘எஸ்/ஓ’ என்ற இணைப்பு இருக்குமென்று நினைக்கிறேன். அந்த மூன்று குறிகளைப் பார்த்ததும் ‘இந்தியர், ஆகவே மாண்டரின் தெரியாது’ என்று முடிவெடுக்க ஒருவர் வெறியராக இருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் இருந்தாலே போதும். வெறுப்பே இல்லாமல் நடக்கிற ஒதுக்கல் என்பதால்தான் இதைப் பிடிப்பதும் கடினம். ஒதுக்கியவருக்கே தாம் ஒதுக்கியது தெரியாது. கேட்டால் ‘பொருத்தமானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்’ என்பார். அது பொய்யும் அன்று.

இது உங்கள் மகனின் கற்பனை அன்று என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன், சிக்காகோ நகரங்களில் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிச் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், தகுதிகள் ஒரே தரத்தில் இருந்தும், வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிக அழைப்புகள் வந்தன. அந்நாடு நமக்குத் தொலைவு என்று தோன்றினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். மலேசியத் தனியார் நிறுவனங்களுக்குப் புதிய பட்டதாரிகளின் பெயரில் விண்ணப்பங்களை அனுப்பி இரு மலேசிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, சீனப் பெயர் கொண்ட விண்ணப்பங்களில் 22.1 விழுக்காட்டுக்கும் மலாய்ப் பெயர் கொண்டவற்றில் 4.2 விழுக்காட்டுக்கும் மட்டுமே அழைப்பு வந்தது. அரசு வேலைகளிலும் கல்வி இடங்களிலும் மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தர்களுக்குப் பூமிபுத்திரா சலுகை உள்ள நாட்டில், அந்தச் சலுகை எட்டாத தனியார் துறை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டும் எண்கள் அவை. ஒரே நாட்டில் ஒரே மனிதர் ஒரு கதவில் முன்னுரிமை பெறுபவராகவும் அடுத்த கதவில் புறக்கணிக்கப்படுபவராகவும் இருக்க முடியும்.

உங்கள் மகனின் திட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆசிய, கறுப்பின விண்ணப்பதாரர்கள் தங்கள் பெயரையும் இனத்தைக் காட்டும் அனுபவக் குறிப்புகளையும் மழுப்பி எழுதினால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். மழுப்பிய விண்ணப்பங்களில் ஆசியர்களுக்கு 21 விழுக்காடும், மழுப்பாதவற்றில் 11.5 விழுக்காடும் அழைப்பு கிடைத்தது. கறுப்பினத்தவருக்கு இந்த இடைவெளி 25-க்கும் 10-க்கும். ‘நாங்கள் எல்லா இனத்தவரையும் வரவேற்கிறோம்’ என்று விளம்பரத்திலேயே எழுதிய நிறுவனங்களும் இதில் மற்றவற்றைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் கசப்பான பகுதி. ஆக, பெயரை மாற்றினால் அழைப்புகள் கூடுமா என்று கேட்டால், கூடலாம் என்பதே நேர்மையான பதில். அதை மறைத்துவிட்டு உங்கள் பக்கம் பேசினால் உங்கள் மகன் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் அழைப்பு என்பது வேலை அன்று. பெயர் மாற்றப் பத்திரம் (deed poll) எழுதிப் பெயரை மாற்றுவது பெரிய செலவில்லாத, சில நாட்களில் முடிகிற காரியம். அதன் பின்விளைவுகளோ நீளமானவை. பட்டச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள், தேசிய சேவைக் கால ஆவணங்கள் ஆகியவற்றில் பழைய பெயர் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பின்போது நிறுவனத்துக்கு இரண்டு பெயர்களும் தெரியவரும். ‘ஏன் மாற்றினீர்கள்’ என்ற கேள்வி வரும். அதற்கு உங்கள் மகனிடம் வெட்கப்படாத ஒரு பதில் இருக்க வேண்டும். மேலும், அவருடைய முகத்தைப் பெயரோடு சேர்த்து மாற்ற முடியாது. சீனப் பெயரைப் பார்த்து அழைத்தவர் எதிரே வந்து அமர்ந்தவரைப் பார்த்துப் புருவம் உயர்த்தினால், இப்போது பெயருக்காக நடக்கும் விசாரணை அப்போது முகத்துக்காக நடக்கும். கலப்புத் திருமணத்தில் பிறந்த இளைஞர்கள் பலர் என்னிடம் சொல்லியிருப்பது இதைத்தான். ‘நீ உண்மையில் யார்’ என்ற கேள்வி எந்தப் பெயரை வைத்தாலும் வருகிறது. கேட்கும் ஆள்தான் மாறுகிறார்.

நீங்கள் அதிபரைக் காட்டி மகனை அடக்கப் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மன் சண்முகரத்னம் 2023-இல் 70.4 விழுக்காடு வாக்குகளோடு வென்றது பெருமைக்குரிய செய்திதான். பெரும்பான்மைச் சீன வாக்காளர்கள் இனம் பார்த்து வாக்களிக்கவில்லை என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அந்த வாக்காளர்களுக்கு அவரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமைச்சராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரியும். உங்கள் மகனை அந்த மனிதவள அதிகாரிக்குத் தெரியாது. ஒருவரைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும்போது இனத்தின் எடை குறைகிறது. எதுவும் தெரியாதபோது அந்த வெற்றிடத்தை இனமே நிரப்புகிறது. நாட்டின் மிக உயர்ந்த பதவியில் நடந்ததை நாட்டின் மிகச் சாதாரண வேலை விண்ணப்பத்துக்கு விடையாகச் சொன்னால், அடிபட்ட பிள்ளையின் காதில் அது ‘உன் குறைதான்’ என்றே விழும். பேச்சுவார்த்தை நின்றதற்குப் பெயர் மாற்றத்தைவிட இந்த ஒரு வாக்கியமே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். முதலில் அதைத் திரும்பப் பெறுங்கள்.

இனி 2003-ஆம் ஆண்டு வீட்டு விவகாரம். உங்கள் மகன் உங்களை மடக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. நீங்கள் வாங்கிய காலத்தில் இந்தியர், பிற இனத்தவருக்கு புளோக்கில் 13 விழுக்காடு. 2010-இல் அது 15 ஆனது. சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25. இனவாரிக் குடியிருப்புகள் மீண்டும் உருவாகாமல் தடுப்பது அதன் நோக்கம்; 1964 இனக் கலவரங்களைக் கண்ட தலைமுறை வகுத்த விதி அது, அந்த அச்சம் பொருளற்றதும் அன்று. ஆனால் அதன் விலையைச் சிறுபான்மையினர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் சீனர் யாருக்கும் விற்கலாம். இந்தியரோ சீனர் அல்லாதவருக்கு மட்டுமே விற்க முடியும். வாங்குவோர் கூட்டம் சுருங்குகிறது, விலையும் சில சமயம் இறங்குகிறது. இப்படிச் சிக்கியவர்களிடமிருந்து குறிப்பிட்ட நிபந்தனைகளின் பேரில் வீட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள வீவக 2022-இல் முன்வந்தது, அந்தச் சுமை உண்மையானது என்பதற்கான ஒப்புதலே.

கலப்பினத் தம்பதியர் கணவன், மனைவி இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்துகொள்ள விதி இடம் தந்தது, நீங்கள் பயன்படுத்தினீர்கள். அதில் தவறே இல்லை. குடும்பத்துக்கு வீடு வேண்டியிருந்தது, படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, எந்தக் கட்டத்தில் குறியிட்டால் சாவி கிடைக்குமோ அதில் குறியிட்டீர்கள். அன்று நீங்கள் தமிழர் என்பது உங்களுக்குள் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. உங்கள் மகன் இன்று கேட்பதும் ஏறத்தாழ அதே தர்க்கம்தான்: அரசு வரைந்த கட்டம் வேறு, நான் வேறு. அந்தக் கட்டங்களும் என்றைக்கும் இருந்தவை அல்ல. 1891-ஆம் ஆண்டு மலாயாக் கணக்கெடுப்பில் நம்மவர்கள் ‘தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’ என்று வகைப்படுத்தப்பட்டார்கள். பிற்பாடுதான் பஞ்சாபியும் மலையாளியும் தமிழரும் ‘இந்தியர்’ என்ற ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். காலனி ஆட்சி எண்ணுவதற்குப் போட்ட வகைகளைச் சுதந்திர நாடு தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. இனம், மொழி, மத வேறுபாடு பாராட்டாத ஒரே மக்களாக வாழ்வோம் என்ற கருத்தில் நாட்டின் உறுதிமொழிக்கு 1966-இல் வரைவு எழுதியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம், அந்த உறுதிமொழியைச் சொல்லி வளரும் பிள்ளைகள் 15 வயதில் பெறும் அடையாள அட்டையில் இனம் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் நாடு நடக்கிறது. இளைஞர்களுக்கு அது முரணாகத் தெரிந்தால் வியப்பில்லை.

வீட்டுக்காகச் செய்ததற்கும் இப்போது மகன் செய்யப்போவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு என்றும் உங்களுக்குத் தோன்றும். அன்று நீங்கள் எதையும் உதறவில்லை. இன்று அவர் உங்கள் பெயரை உதறுகிறார். அந்த வலி நியாயமானது. ஆனால் கடிதம் முழுவதும் ‘மனைவி வாய் திறப்பதில்லை’ என்ற ஒரு வரியில் மட்டுமே வரும் உங்கள் மனைவியை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். மகன் பிறந்தபோது தந்தையின் இனமே பதிவாயிற்று. பத்து ஆண்டுகள் அந்தப் பிள்ளையின் இனப்பதிவில் தாயின் இனம் இல்லை. இரட்டைப் பதிவு வந்தபோதும் அது இரண்டாவதாகத்தான் வந்தது. பள்ளியில் தாய்மொழியாகத் தமிழ் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் அவர் மனமுவந்து ஏற்றிருக்கலாம்; பேசாமல் ஏற்றிருக்கவும் கூடும். எதுவென்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. மகன் தாயின் குடும்பப் பெயரை எடுப்பதைத் தந்தையைத் துறப்பதாக மட்டுமே நீங்கள் பார்க்கிறீர்கள். தன்னை வளர்த்த பாட்டியின் பெயரை எடுப்பதாகவும் அதைப் பார்க்க இடமிருக்கிறது. மகனிடம் பேசுவதற்கு முன் மனைவியிடம் பேசுங்கள் என்பதே என் ஆலோசனை.

இனி வேலைக்கு வருவோம். பெயரைத் தொடாமலே செய்யக்கூடிய ஒரு காரியம் உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது. உங்கள் மகன் மாண்டரினும் தமிழும் ஆங்கிலமும் பேசுபவர். இந்த நகரின் தளவாடத் துறையில் அது அரிய சேர்க்கை: துறைமுகத்தில் சீன நாட்டு வாடிக்கையாளர், கிடங்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர், அலுவலகத்தில் ஆங்கிலம். ஆனால் அவருடைய தன்விவரக் குறிப்பில், பல பட்டதாரிகள் செய்வதுபோல, கடைசிப் பக்கத்தின் அடியில் ‘மொழிகள்: ஆங்கிலம், தமிழ்’ என்று பள்ளிப் பாடத்தின்படி எழுதியிருக்கக்கூடும். பாட்டியிடம் கற்றதற்குச் சான்றிதழ் இல்லை என்பதால் மாண்டரினை விட்டுவிடுவார்கள், அல்லது வெட்கத்தோடு ‘ஓரளவு’ என்பார்கள். அந்த வரியைப் பெயருக்கு நேர் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். ‘வீட்டுமொழியாக மாண்டரின் பேசுபவர்; சீன, தமிழ்நாட்டு ஊழியர்களோடு அவரவர் மொழியில் பணியாற்ற முடியும்’ என்பதுபோல ஒரு வாக்கியம், முடிந்தால் பயிற்சிக் காலத்தில் அப்படிச் செய்த ஒரு சம்பவத்தோடு. ‘எஸ்/ஓ’வைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரப்போகும் கண் அடுத்த வினாடியே இதைப் பார்க்க வேண்டும். புகைப்படம் ஒட்டியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு சங்கடம் உண்டு. மற்றவர் செய்யும் தவறான ஊகத்தைத் திருத்தும் உழைப்பை ஏன் என் மகன் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டால், செய்யக் கூடாதுதான். மாண்டரின் தெரியாத ஓர் இந்திய இளைஞருக்கோ மலாய் இளைஞருக்கோ இந்த வழி திறக்கவே திறக்காது என்பதும் உண்மை. அவர்களுக்காகத்தான் விதிகள் தேவைப்படுகின்றன.

விதிகளின் நிலை இது. குறிப்பிட்ட மொழி தேவைப்படும் வேலைக்கு அதைக் கேட்கலாம். ஆனால் ஏன் தேவை என்பதற்கு வேலையோடு தொடர்புடைய காரணம் இருக்க வேண்டும் என்பது முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை. ‘சீன வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருப்பதால் மாண்டரின் தேவை’ என்பது ஏற்கத்தக்கது. காரணமே சொல்லாமல் ‘மாண்டரின் பேசுபவர்கள் மட்டும்’ என்பது பெரும்பாலும் இனத்தைச் சுற்றிவளைத்துச் சொல்வதுதான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இனம், மதம், மொழித்திறன் உள்ளிட்ட தன்மைகளின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைச் சட்டவிரோதமாக்குகிறது; ஆனால் அது உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. தொடக்கத்தில் 25 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. சிறுபான்மை இளைஞர்கள் அதிகம் முட்டிக்கொள்வது சிறு நிறுவனங்களில்தான் என்பதால் இந்த விலக்கு எனக்கு உவப்பாக இல்லை. சட்டத்துக்குக் காத்திராமல், நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் இப்போதும் முறையிடலாம். 2006 முதல் இயங்கும் அமைப்பு அது. நிறுவனத்தை அழைத்து விளம்பரத்தை மாற்றச் சொல்லும், அடம்பிடிக்கும் நிறுவனத்தின் வெளிநாட்டு ஊழியர் அனுமதியில் கைவைக்கும் அதிகாரம் மனிதவள அமைச்சுக்கு உண்டு. அந்த ஒன்றுக்குத்தான் நிறுவனங்கள் உண்மையில் பயப்படுகின்றன.

வாடகை அறை விவகாரம் வேறு வகை. வீட்டுக்காரர் மனத்துக்குள் என்ன நினைத்தாலும், பதிவுபெற்ற முகவர் இனப் பாகுபாடுள்ள விளம்பரம் வெளியிடுவது தொழில் நெறிகளுக்கு முரணானது. எழுத்தில் வந்திருந்தால் முகவரின் பதிவு எண்ணோடு முறையிடலாம். தொலைபேசியில் சொன்னதை நிரூபிப்பது கடினம். அடுத்த முறை குறுஞ்செய்தியில் கேட்கச் சொல்லுங்கள். முகவர்கள் ஆச்சரியப்படும்படி வெளிப்படையாக எழுதுவார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் சமூகத்தில் ‘ஊரிலிருந்து வந்தவர்களுக்கு’ அறை தரமாட்டோம் என்று சொல்லும் சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். டோர்மிட்டரியில் தங்கும் தொழிலாளியோடு தம்மைச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் விலகி நிற்பவர்களையும் தெரியும். நம்மை ஒருவர் கட்டத்துக்குள் போடும்போது வலிப்பது, நாம் இன்னொருவரைப் போடும்போது பொருத்தமான முன்னெச்சரிக்கையாகத் தோன்றிவிடுகிறது.

மகனோடு பேசும்போது நடைமுறை வரிசை ஒன்றை முன்வைக்கலாம். இனப்பதிவை மாற்ற விரும்பினால் குடிநுழைவு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம்; ஆனால் நினைத்தபோதெல்லாம் அங்கும் இங்கும் மாற்றிக்கொள்ள விதி இடம் தராது என்பதால், வேலை கிடைக்காத எரிச்சலில் அதைச் செலவழிக்க வேண்டாம். வீடு வாங்கும் திட்டமும் திருமணமும் தெளிவாகும்போது அதன் பலன் என்ன என்று கணக்குப் பார்க்கலாம். பெயரைப் பொறுத்தவரை, நீக்குவது மட்டுமே வழி என்று அவர் நினைத்திருக்கக்கூடும். பாட்டி வைத்து அழைக்கும் சீனப் பெயர் ஒன்று அவருக்கு இருக்குமானால், உங்கள் பெயரை வைத்துக்கொண்டே அதையும் சட்டப்படி சேர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் இரண்டும் தெரியும். நேர்காணலுக்குப் போகும்போது அவருடைய முகத்துக்கும் பெயருக்கும் சண்டை வராது. அவர் இதை ஏற்காமலும் போகலாம். அப்போதும் அவர் உங்கள் மகன்தான். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் அச்சத்தின் அடியில் தமிழ் இருக்கிறதென்று நினைக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசுவது தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடுதான், பத்து ஆண்டுகளுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அந்தச் சரிவு அடையாள அட்டையில் ‘இந்தியர்’ என்று மட்டுமே இருக்கும் வீடுகளிலும் நடந்ததுதான். உங்கள் மகன் தமிழ் படித்து முடித்தவர். அவர் அதைத் தொடர்ந்து பேசுவாரா என்பது அட்டையில் எது முதலில் வருகிறது என்பதைவிட, இப்போது நின்றுபோயிருக்கும் பேச்சு வீட்டில் எந்த மொழியில், எந்தத் தொனியில் மீண்டும் தொடங்குகிறது என்பதைச் சார்ந்தது.

நீங்கள் இணைத்திருந்த விளம்பரத்தைப் படித்தேன். கிடங்கு ஒருங்கிணைப்பாளர் வேலை. பொறுப்புகளாகச் சொல்லப்பட்ட ஆறு வரிகளில் வாடிக்கையாளர் என்ற பேச்சே இல்லை. தகுதிகளில் மட்டும் ‘மாண்டரின் பேசுபவர்கள் மட்டும்’ என்று இருக்கிறது. முறையிடத் தகுந்த விளம்பரம் என்பது என் கருத்து. அது இணையத்திலிருந்து நீக்கப்படுவதற்குள், தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த நாளையும், பதில் வந்ததா இல்லையா என்பதையும் மகன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். முத்தரப்புக் கூட்டணியை அழைக்கும்போது, நிறுவனத்துக்குத் தம் பெயர் தெரியவருமா என்பதை அவர் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மேற்கொண்டு போவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். திருத்திய தன்விவரக் குறிப்பை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.